காற்றில் 0.04 சதவீதம்தான், அது எப்படி ஊரையே சூடாக்கும்? (மாமாவுக்குப் பதில் சொல்ல உதவி தேவை)

கரிசல்:

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி பதினோரு மணி வரை சண்டை. மாமா கணக்கில் புலி, நாற்பது வருடம் கடைகளுக்குக் கணக்கு எழுதியவர். வெயில் பற்றி யாரோ ஏதோ போட, அவர் இப்படி எழுதினார்: "காற்றில் 10000 மூலக்கூறு எடுத்தால் அதில் கார்பன் டை ஆக்சைடு நாலே நாலு. பத்தாயிரம் ரூபாய் வியாபாரத்தில் நாலு ரூபாய் போட்டவன் முதலாளி ஆகிவிடுவானா?" குழுவில் எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள், எனக்குத்தான் பதில் வரவில்லை.

அதோடு விடவில்லை. காற்றில் நீராவி அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம், அதுவும் வெப்பத்தைப் பிடிக்கும், அப்புறம் ஏன் கார்பனை மட்டும் திட்டுகிறீர்கள் என்றார். பூமி எப்போதுமே சூடாவதும் குளிர்வதுமாகத்தானே இருந்திருக்கிறது என்பது மூன்றாவது.

தயவுசெய்து போர்வை விளக்கம் வேண்டாம். அதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. "10000 நூலில் 4 நூல்தான் இருக்கிறது என்றால் அந்தப் போர்வைக்குள் குளிருமா குளிராதா?" என்று கேட்டுவிட்டார்.

சுண்ணக்கட்டி:

உங்கள் மாமா கேட்டது நல்ல கேள்வி. வகுத்தல் சரி, எதால் வகுத்தார் என்பதில்தான் கோளாறு.

மீதி 9996 மூலக்கூறு என்ன செய்கின்றன என்று அவரிடம் கேளுங்கள். நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21, ஆர்கான் 0.93. வெயில் பட்டுச் சூடான தரை அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே திருப்பி அனுப்புகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே மாதிரி இரண்டு அணு ஒட்டிக்கொண்டவை, அவை அதிரும்போது மின்சமநிலை மாறுவதில்லை, அதனால் இந்தக் கதிருக்கு அவை கண்ணாடி மாதிரி. ஆர்கான் ஒற்றை அணு, அதிரக்கூட வழியில்லை. கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணு, அது வில் மாதிரி வளைந்து ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஏற்ற அலைநீளம் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது தரை அதிகமாக அனுப்பும் கதிர்களுக்கு நடுவிலேயே வருகிறது. போர்வை பாஷையிலேயே சொன்னால், மாமா எண்ணிய 9996 நூலும் நூலே இல்லை, ஓட்டை. குளிரைத் தடுப்பது மீதி நாலும் நீராவியும் இன்னும் சில சில்லறை வாயுக்களும்தான்.

சதவீதத்தை விட்டுவிட்டு எடையில் பாருங்கள், கணக்கு எழுதுகிறவருக்கு அது பிடிக்கும். மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். அதன் தலைக்கு மேல் வான்வெளி வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். அதில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் இன்றைக்கு ஆறரைக் கிலோ. தொழிற்புரட்சிக்கு முன்னால் அது பத்து லட்சத்தில் 280 பங்கு, அதாவது ஒரு சதுரத்துக்கு 4.3 கிலோ. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஆக, பூமியில் எந்த இடத்தில் சதுரம் போட்டாலும், கடலின் நடுவில் போட்டாலும், இரண்டு கிலோவுக்கு மேல் புதிதாக ஏறி நிற்கிறது.

இன்னொன்று. தலைக்கு மேல் இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கித் தரை அழுத்தத்தில் பரப்பினால் எவ்வளவு உயரம் வரும் தெரியுமா? சுமார் 3 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கின உயரம். அதுதான் புற ஊதாக் கதிரிலிருந்து நம் தோலைக் காப்பாற்றுகிறது. கார்பன் டை ஆக்சைடை அதே மாதிரி பரப்பினால் 3 மீட்டருக்கு மேல் வரும், ஒரு மாடி உயரம். கொஞ்சம் என்று யார் சொன்னது?

கம்ப்ரஸர்:

நான் கோவையில் ஏசி சர்வீஸ் பார்க்கிறேன். புத்தகப் படிப்பு அவ்வளவாக இல்லை, ஆனால் சார் சொன்ன வெப்பக் கதிரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றே சொல்லலாம்.

எங்களிடம் டெம்பரேச்சர் கன் இருக்கும், காற்று வரும் கிரில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்க. (கொரோனா சமயத்தில் நெற்றியில் வைத்தார்களே, அது வேறு, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்.) போன தை மாசம் ஒரு வீட்டு மாடியில் அவுட்டோர் யூனிட் வேலை முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. சும்மா விளையாட்டுக்கு அந்தக் கன்னை நேராக வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். மேகமே இல்லை. மைனஸ் 8 காட்டியது! தரையைப் பிடித்தால் 23. கன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் சாய்த்து அடிவானத்துப் பக்கம் கொண்டுபோனால் மெல்ல மெல்ல ஏறுகிறது. அப்புறம் ஒரு நாள் மேகம் மூடியிருந்தபோது மறுபடி பிடித்தேன், பிளஸ் 15. அன்றைக்கு மாடியில் நிற்கவே புழுக்கமாக இருந்தது. மேகமில்லாத ராத்திரியில் பனி விழுவதும் மேகம் போட்டால் புழுங்குவதும் ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சூடு மேலே தப்பிப் போக வழி இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் விஷயம்.

கொஞ்சம் இருந்தால் என்ன செய்யும் என்று உங்கள் மாமா கேட்கிறார் அல்லவா, எங்கள் தொழிலுக்கு வரச் சொல்லுங்கள். பழைய ஏசியில் ஆர்-22 கேஸ். அதில் ஒரு கிலோ வெளியே போனால், 100 வருடக் கணக்கில் 1800 கிலோ கார்பன் டை ஆக்சைடு போன மாதிரி. ஓசோனைக் கெடுக்காது என்று அப்புறம் வந்த ஆர்-410ஏ இந்தக் கணக்கில் 2000க்கு மேல், அதைவிட மோசம். இப்போது வரும் ஆர்-32 சுமார் 675. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பழைய யூனிட்டைக் கழற்றும்போது வால்வைத் திறந்து அப்படியே காற்றில் விட்டுவிடுவார், உஸ்ஸென்று அரை நிமிடத்தில் எல்லாம் போய்விடும். நானும் அப்படி விட்டிருக்கிறேன், பொய் சொல்லப் போவதில்லை. இப்போது யூனிட் ஓடும் நிலையில் இருந்தால் பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் கழற்றுகிறேன்.

மழைமானி:

கம்ப்ரஸர் அண்ணா, அருமை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். அந்த மாதிரி கன்கள் பொதுவாக 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கும். கார்பன் டை ஆக்சைடின் 15 மைக்ரானை வேண்டுமென்றே தவிர்த்துத்தான் அப்படிச் செய்கிறார்கள், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் காற்றே அளவைக் குழப்பிவிடும். ஆகவே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நீராவியும் மேகமும் கீழே அனுப்பும் சூடு. சாய்த்தால் ஏறியதற்குக் காரணம், சாய்வாகப் பார்க்கும்போது கன் இன்னும் அதிகக் காற்றைக் கடந்து பார்க்கிறது. கொள்கை அதேதான்.

மாமாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீராவிதான் அதிகம் என்பது உண்மை. இன்றைக்குப் பூமி தக்கவைத்திருக்கும் வெப்பத்தில் பாதி அளவு நீராவியால், கால் பங்கு மேகத்தால், ஐந்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடால். இந்த மொத்தமும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 ஆகிவிடும்.

ஆனால் நீராவிக்குத் தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. காற்று இவ்வளவு சூட்டில் இவ்வளவு ஈரத்தைத்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் மழை. இன்றைக்கு மேலே போன நீராவி சராசரியாக ஒன்பது பத்து நாளில் கீழே வந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு மழையாக விழாது. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் செடிகொடியும் வாங்கிக்கொள்கின்றன, மிச்சத்தில் ஒரு பகுதி ஆயிரம் வருடத்துக்கு மேலும் மேலேயே நிற்கும். அது காற்றை ஒரு டிகிரி சூடாக்கினால் காற்று தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது, அந்தக் கூடுதல் ஈரம் இன்னும் கொஞ்சம் சூடாக்குகிறது. மாமா பாஷையில் சொன்னால் நீராவி வட்டி, கார்பன்தான் அசல். வட்டித் தொகை பெரிதாக இருக்கிறது என்பதற்காக அசலை விட்டுவிடுவாரா அவர்?

அப்புறம், ஏசி கேஸ் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளோரோஃபுளோரோகார்பன் என்கிற குளிர்பதன வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் முதலில் காட்டியவர் வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்து, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். படித்து முடித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில், வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான். அதாவது கம்ப்ரஸர் அண்ணாவின் வேலை! அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் போல 10000 மடங்குக்கு மேல் வேலை செய்யும் என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார். அவை எல்லாம் சேர்ந்தே காற்றில் நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவான அளவில்தான் இருக்கின்றன. மாமாவின் நாலு ரூபாயே இதற்குப் பக்கத்தில் பெரிய முதலீடு.

சந்தேகப்பேர்வழி:

எல்லாரும் ஒரே பக்கம் பேசினால் சுவாரசியம் இல்லை, அதனால் நான் மாமா கட்சி. மூன்று விஷயம்.

ஒன்று, 15 மைக்ரான் கதிரைக் கார்பன் டை ஆக்சைடு தரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள்ளேயே முழுசாக விழுங்கிவிடுகிறது என்று படித்தேன். ஏற்கெனவே முழுசாக மூடிய கதவுக்கு மேல் இன்னொரு கதவு போட்டு என்ன பயன்? இரண்டு, வெள்ளிக் கிரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், அங்கே சூடு அழுத்தத்தால்தானே, வாயுவால் இல்லையே. மூன்று, செவ்வாயில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அங்கே சராசரி மைனஸ் 60. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுண்ணக்கட்டி:

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், அது லேசு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும். அடித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், டயருக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும், சூடு இருக்காது. அமுக்கும்போதுதான் சூடாகும், அமுக்கி வைத்திருப்பதால் அல்ல. வெள்ளியில் நம்மைப்போல் 90 மடங்கு அழுத்தம், தரையில் 460 டிகிரி. அதன் மேகங்கள் வெயிலில் நாலில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், ஒரு சதுர மீட்டருக்கு அது வாங்கிக்கொள்ளும் வெயில் பூமியைவிடவும் குறைவு. அப்படியும் 460 என்றால், வருகிற கொஞ்ச சூட்டையும் வெளியே விடாமல் எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. அந்த எதுவோ 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள கனமான காற்று.

கதவுக் கேள்வி பழைய கேள்வி. 1900 வாக்கில் ஸ்வீடனில் ஆங்ஸ்ட்ரம் சோதனை செய்து இதையேதான் சொன்னார், பல பத்தாண்டுகள் விஞ்ஞானிகளே அதை நம்பினார்கள். தரையில் கிளம்பிய கதிர் சீக்கிரமே விழுங்கப்படுகிறது என்பது சரி. ஆனால் விழுங்கிய காற்று சும்மா இருப்பதில்லை, அதுவும் சூட்டை மேலும் கீழும் அனுப்புகிறது. கான்கிரீட் போடும்போது சாரத்தில் ஆள் மேல் ஆள் நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. கடைசியாக மேலே நிற்கும் ஆள் எந்த உயரத்திலிருந்து விண்வெளிக்கு எறிகிறான் என்பதுதான் முக்கியம். வாயு கூடக்கூட அந்தக் கடைசி ஆள் இன்னும் உயரத்துக்குப் போகிறான். அங்கே குளிர் அதிகம், கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். குளிர்ந்த கை மெதுவாகத்தான் எறியும். வருகிற வெயில் அதே அளவு, போவது குறைவு, மிச்சம் கீழே தேங்குகிறது. மேலே நிற்பவன் பழைய வேகத்துக்கு வரும் வரைக்கும் மொத்தச் சாரமும் சூடாக வேண்டும்.

இதைக் கணினியில் ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர் சுகுரோ மனாபே, 1967இல். 2021இல் நோபல் கொடுத்தார்கள். அவர் கணக்கில் இன்னொன்றும் வந்தது: கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழ்க் காற்று சூடாகும், ஆனால் அதற்கு மேலே அடுக்குமண்டலம் குளிரும். சூரியன்தான் காரணம் என்றால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அடுக்குமண்டலம் குளிர்ந்துதான் வருகிறது.

செவ்வாய் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சலாம். கணக்குப் போட்டால் அங்கே ஒரு சதுர மீட்டருக்கு மேல் 160 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, நம் ஆறரைக் கிலோவுக்கு 25 மடங்கு. அப்படியிருந்தும் குளிர். வெயில் நமக்கு வருவதில் பாதிக்கும் குறைவு, நீராவியும் அநேகமாகக் கிடையாது. ஆனால் அழுத்தமும் ஒரு காரணம், இதில் நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெறும் ஓட்டை என்றேன். அவை கதிரைப் பிடிப்பதில்லை, ஆனால் கார்பன் டை ஆக்சைடை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இடிபாட்டில் அது பிடிக்கக்கூடிய அலைநீளத்தின் அகலம் கூடுகிறது. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட அழுத்தம் இல்லாதது, இடிக்க ஆள் கிடையாது, அதனால் அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் மெல்லிய கோடு மாதிரியான அலைநீளத்தை மட்டும் பிடிக்கிறது, பக்கத்தில் உள்ளதெல்லாம் தப்பிவிடுகிறது. மாமாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், "பார்த்தாயா, 9996க்கும் வேலை இருக்கிறது" என்பார்.

சந்தேகப்பேர்வழி:

சைக்கிள் பம்ப் ஒத்துக்கொள்கிறேன். சாரம் இன்னும் ஒரு தடவை படிக்க வேண்டும்.

நூலகத்தான்:

நடுவில் ஒரு வார்த்தை. மாமாவின் முதல் கேள்விக்கு 160 வருடத்துக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுவை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது, நிழலுக்கு எடுத்த பிறகு ஆறுவதற்கும் அதுவே பல மடங்கு நேரம் எடுத்தது. இந்த வாயு அதிகமாக இருந்த காலத்தில் பூமி சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். அவர் கட்டுரையை மாநாட்டில் வாசித்தது ஓர் ஆண் விஞ்ஞானி, அப்புறம் ஃபூட்டின் பெயரே நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் நினைவில்லை. 1859இல் லண்டனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி, நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான் தடுக்கின்றன என்று கருவி வைத்து அளந்தார்.

மழைமானி:

மூன்றாவது பாக்கி இருக்கிறதே. பூமி முன்பும் மாறியது உண்மை. மாறியபோது காற்றின் சேர்க்கை என்னவாக இருந்தது என்பதற்கு அண்டார்க்டிகா பனியில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சாட்சி. 8 லட்சம் வருடத்துக்கு அந்தப் பதிவு இருக்கிறது. பனியுகம் வந்தபோதெல்லாம் கார்பன் டை ஆக்சைடு 180 பிபிஎம் (பத்து லட்சத்தில் 180 பங்கு) பக்கம், இடைவெளிகளில் 280, 300. அந்த எட்டு லட்சத்தில் ஒரு தடவைகூட இன்றைய 420 பக்கம் வரவில்லை. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய் மௌனா லோவா மலைமேல் அளக்க ஆரம்பித்தபோது சுமார் 315. ஒரு மனுஷன் ஆயுளுக்குள் 100க்கு மேல் ஏறியிருக்கிறது.

எரிமலை விட்டிருக்கும் என்பார், பாருங்கள். எல்லா எரிமலையும் சேர்ந்து வருடத்துக்கு விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு சாட்சியும் உண்டு, நிலக்கரியும் பெட்ரோலும் பழைய தாவர, கடலுயிர் மிச்சம், அவற்றில் கார்பன்-13 என்கிற சற்றுக் கனமான கார்பன் வகை குறைவு. காற்றிலும் கார்பன்-13இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது, எரிவதற்குச் செலவான ஆக்சிஜனும் கூடவே துளித்துளியாகக் குறைகிறது. இந்தக் கணக்கு மாமாவுக்குப் புரியும், இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு.

எரிமலை குளிரவும் வைக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடூபோ வெடித்து ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடை அடுக்குமண்டலத்துக்கு அனுப்பியது. அது நுண்துளியாக மாறி வெயிலை மறைத்ததில் அடுத்த வருடம் உலகச் சராசரியே அரை டிகிரி அளவு இறங்கியது. ரெண்டு மூணு வருடத்தில் துளிகள் கீழே இறங்கின, சூடு திரும்பி வந்தது. காற்றில் ஒன்றை மாற்றினால் தட்பவெப்பம் மாறும் என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை யாரும் செய்துவிட முடியாது.

கரிசல்:

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் போடவில்லை, மாடிச் சதுரத்தில் ஆறரைக் கிலோ, வட்டி அசல், இரண்டு நாணய உயரம், இந்த மூன்றை மட்டும் குழுவில் போட்டேன். செவ்வாய் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் மாமா, "10 டன் கணக்கு சரியா என்று போட்டுப் பார்த்தேன், அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது" என்று எழுதினார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். நாலு ரூபாய் பேச்சை அத்தை திரும்ப எடுத்தபோது அவர் வாயே திறக்கவில்லை.

இப்போது கம்ப்ரஸர் அண்ணாவிடம் ஒரு கேள்வி, இது மாமா கேட்கச் சொன்னது. அவர் வீட்டு ஏசி பத்து வருடம் பழசு, போன கோடையில் இரண்டு தடவை கேஸ் நிரப்பினார்களாம். அதில் என்ன கேஸ் இருக்கும்?

கம்ப்ரஸர்:

அவுட்டோர் யூனிட் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆர் என்று தொடங்கும் எண்ணும், எத்தனை கிலோ என்பதும் எழுதியிருக்கும். போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்கள் தம்பி. வருடத்துக்கு இரண்டு தடவை நிரப்பினார்கள் என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. அடுத்த தடவை ஆள் வந்தால், முதலில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்து எந்த இடத்தில் குமிழ் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாயை இணைக்கும் ஃபிளேர் நட் பக்கம்தான் முக்கால்வாசி இருக்கும்.